வார்டன் போட்ட கையெழுத்து

ஆந்திரத்தில் பார்வைக்கு வந்த ஒப்புதல் படிவங்கள் 9,543. அவற்றில் 1,948 படிவங்களில் கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதி வார்டனின் கையெழுத்து. குஜராத்தில் 6,217 படிவங்களில் 3,944 கைநாட்டு. யாரோ நாலு இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடித்து ஒட்டிய சுவரொட்டியில் கண்ட கணக்கல்ல இது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, சுகாதாரத் துறைக்கான நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கையில் அச்சாகியிருக்கிற கணக்கு.

கைநாட்டு வைப்பது குற்றமில்லை. என் அம்மா கைநாட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குப் படித்துக் காட்டி, பக்கத்தில் ஒரு சாட்சியை உட்கார வைத்து, அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, யோசிக்க ரெண்டு நாள் கொடுத்து வாங்கினால், அந்தக் கைநாட்டுக்கு எம்.ஏ. படித்தவன் கையெழுத்துக்குள்ள அத்தனை மதிப்பும் உண்டு. வார்டன் கையெழுத்து அந்த வகையில் சேராது. பெத்தவள் உயிரோடு இருக்கிறாள். பத்து மைலில் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் அவள் மகளின் கையை ஊசிக்கு நீட்டிக் கொடுக்க இவன் யார்?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் என்ற மூன்று மண்டலங்களில், 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 14,000 சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட சிறுமிகள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான ஊசி. ஆந்திரத்தில் மெர்க் கம்பெனியின் கார்டசில், குஜராத்தில் கிளாக்ஸோ கம்பெனியின் செர்வாரிக்ஸ். மருந்து கம்பெனிகள் இனாமாகக் கொடுத்தது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. நடத்தியது பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். கூட நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர். இடம், ஆள், பள்ளிக்கூடம், விடுதி எல்லாம் மாநில அரசுகள் கொடுத்தன. 2010 மார்ச்சில் சாமா என்ற பெண்கள் நல அமைப்பு கம்மத்துக்குப் போய் விசாரித்தது. விஷயம் வெளியே வந்தது. ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அதற்குள் ஏழு சிறுமிகள் செத்திருந்தார்கள். ஆந்திரத்தில் ஐந்து, குஜராத்தில் இரண்டு.

பத்ராசலம் கோயா ஆதிவாசிகளின் பூமி. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பகுதி ஆசிரமப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படித்த ஆதிவாசிகள், தலித்துகள், இஸ்லாமியர், பிற்பட்டோர் வீட்டுப் பெண்கள். மூன்று ஊசி போட வேண்டும், ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். வீட்டுப் பிள்ளை மிளகாய் பறிக்கப் போய்விடும், அத்தை ஊருக்குப் போய்விடும். விடுதிப் பிள்ளை எங்கும் போகாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், காலையில் மணி அடித்தால் வரிசையில் நிற்கும். ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? ஐதராபாத்திலோ அகமதாபாத்திலோ ஒரு கான்வென்ட் பள்ளி வாசலில் ஐஸ்பெட்டியோடு இறங்கி, பிரின்சிபாலம்மாவிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக முடியுமா? மறுநாள் நாலு வக்கீல் அப்பாக்கள் வந்து நிற்பார்கள்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் எட்டு வருஷம் சோறு தின்றவன். அங்கே வார்டன் கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சோப்பு எண்ணெய் கொடுத்ததற்கு அவர் கையெழுத்து, ஊருக்குப் போக லீவுக்கு அவர் கையெழுத்து, உதவித்தொகைக்கு அவர் கையெழுத்து. "மாட்டேன் சார்" என்று ஒருத்தன் சொன்னால் அடுத்த வேளை குழம்பில் என்ன மிஞ்சும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். அம்மா மாசத்துக்கு ஒருமுறை வருவாள், மரத்தடியில் பார்த்துவிட்டுப் போவாள். ஆபீஸ் அறைக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. நல்ல வார்டன், கெட்ட வார்டன் என்பதல்ல பேச்சு. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கப்படும் சம்மதம் எந்த வகையிலும் சம்மதமாகாது. நம் பிள்ளைகளைச் சோற்றுக்கும் படிப்புக்கும் நம்பி ஒப்படைத்தோம். அந்த நம்பிக்கையைத்தான் அரசு கம்பெனிக்குக் கைமாற்றி விட்டது. கேட்டால் ஆந்திர அரசு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது: பெற்றோர் சார்பில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடலாமாம்!

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் வில்லோபுரூக் என்றொரு பள்ளி இருந்தது. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. 1956இல் தொடங்கி அங்கே பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. எப்படி இருக்காது? 1964இல் இடமில்லை என்று பள்ளியில் புதுச்சேர்க்கையை நிறுத்தினார்கள். ஆராய்ச்சிப் பிரிவுக் கதவு மட்டும் திறந்திருந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு தத்தளிக்கிற தாய் எந்தக் கதவில் நுழைவாள்?

கம்மத்துக்குத் திரும்புகிறேன். அங்கே நடந்த மிகப் பெரிய தந்திரம் பெயர் வைத்ததில் இருக்கிறது. இது மருந்துச் சோதனை இல்லையாம். 'செயல்விளக்கத் திட்டம்.' ஊசி 2008இலேயே இந்தியாவில் விற்பனைக்கு அனுமதி வாங்கிவிட்டது, ஆகவே சோதனைக்குரிய விதிகள் இதற்குப் பொருந்தாது என்றார்கள். சரி. ஆராய்ச்சி இல்லையென்றால் ஒப்புதல் படிவம் எதற்கு? நெறிமுறைக் குழுவிடம் போய் அனுமதி கேட்டது எதற்கு? ஆராய்ச்சிதான் என்றால் பிள்ளைகளுக்குக் காப்பீடு எங்கே? ஊசிக்குப் பிறகு காய்ச்சலோ மயக்கமோ வலியோ வந்தால் எழுதி வைக்க ஒரு ஆள் எங்கே? கேள்வி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் "அரசுத் திட்டம்" என்று ஒதுங்குவது, இன்னொரு பக்கத்திலிருந்து வந்தால் "ஆய்வு" என்று ஒதுங்குவது. போதாக்குறைக்கு தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் முத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். போலியோ சொட்டு மருந்து மாதிரி சர்க்கார் ஊசி என்று ஜனங்கள் நினைத்தார்கள். பாத் நிறுவனத்துக்கும் ஐ.சி.எம்.ஆருக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 பிப்ரவரியில். ஊசிக்கு அனுமதி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. மருந்து இன்னும் நாட்டுக்குள் வரவில்லை, எங்கே குத்துவது என்ற பேச்சு முடிந்துவிட்டது.

இப்போது சில டாக்டர் நண்பர்கள் கோபப்படுவார்கள். "உங்களை மாதிரி ஆட்கள் கத்தித்தான் தடுப்பூசி பத்து வருஷம் தள்ளிப்போச்சு, அதனால செத்த பொம்பளைங்க கணக்கு தெரியுமா?" என்பார்கள். தெரியும். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் 1,20,000க்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். 77,000 பேர் சாவு. யார் இந்தப் பெண்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நாத்து நடுகிறவள், பீடி சுற்றுகிறவள், சித்தாள் வேலைக்குப் போகிறவள். ரத்தப்போக்கை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சொன்னாலும் பஸ்ஸுக்குக் காசில்லாமல், முற்றிய பிறகு ஜி.ஹெச். வாசலில் வந்து விழுகிறவள். இந்த ஊசி அவளுக்குத்தான் முதலில் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: அவளுக்கு வேண்டிய மருந்தை அவள் மகள் மேல் இத்தனை அலட்சியமாகப் பரிசோதித்துக் கெடுத்தது யார்? ஊசியின் மேல் ஜனங்களுக்குச் சந்தேகம் வர வைத்தது கேள்வி கேட்டவனா, கைநாட்டுக்கும் வார்டனுக்கும் பின்னால் ஒளிந்தவனா?

அதே மாதங்களில் அதே ஊசியை வைத்து இன்னொரு ஆய்வும் இந்த நாட்டில் நடந்தது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நடத்தியது. அதற்கும் கேட்ஸ் பணம்தான். ஒன்பது மையங்கள். அதில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனை. மூன்று ஊசிக்குப் பதில் இரண்டு போதுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. 2009 செப்டம்பர் முதல் 2010 ஏப்ரல் வரை 17,729 பெண்களைச் சேர்த்தார்கள். கம்மம் விவகாரத்தில் அரசு நிறுத்து என்றதும் இதுவும் நின்றது. பல பெண்களுக்கு இரண்டாவது ஊசி கிடைக்கவில்லை. அப்படி ஒரே ஒரு ஊசியோடு நின்றவர்கள் 4,950 பேர்.

கேள்வி கெட்டுப்போனது. ஆனால் யாருக்கு எத்தனை ஊசி, எந்தத் தேதியில், என்ன ஆனது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அந்தப் பெண்களைப் பத்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது: ஒரே ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும், நிலைத்த வைரஸ் தொற்றிலிருந்து, இரண்டும் மூன்றும் போட்டுக்கொண்டவர்களுக்குக் கிடைத்த அளவுக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. 100க்கு 95 என்ற கணக்கில். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி போதும் என்ற முறையை ஏற்றபோது அதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் இந்த ஆய்வும் ஒன்று. ஏழை நாடுகளுக்கெல்லாம் செலவு குறைய வழி பிறந்தது. அம்பிளிக்கைப் பக்கத்துப் பெண்ணொருத்தியின் கை உலகத்துக்குக் கொடுத்த அறிவு இது. அவளிடம் யாராவது போய்ச் சொன்னார்களோ இல்லையோ, நாமாவது சொல்லிவைப்போம்.

அந்த ஆய்வைக் கும்பிட நான் வரவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் எந்த ஆய்வையும் துருவிப் பார்க்கத்தான் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறேன். ஒரே ஊசி, ஒரே நாடு, ஒரே பணமூட்டை. ஒன்றில், எதிர்பாராமல் பாதியில் நின்ற பிறகும் பிள்ளைகளின் உடம்பிலிருந்து அறிவு கிடைத்தது. ஏனென்றால் முதல் நாளே ஒரு கேள்வி இருந்தது, அதை அளக்க ஒரு முறை இருந்தது, ஒவ்வொரு பெண்ணையும் கணக்கில் வைக்க ஆள் இருந்தார்கள். இன்னொன்றில் சுமார் 24,000 பிள்ளைகளின் கை குத்தப்பட்டது. ஏழு சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூட அங்கே அடிப்படை இல்லை. கம்மத்தில் அவர்கள் கேட்ட கேள்வியே வேறு. ஊசியை எப்படிக் கொண்டு சேர்ப்பது, ஜனங்கள் ஏற்பார்களா, என்ன செலவாகும். சரக்கு விற்கிறவனுக்கு வேண்டிய கேள்விகள். பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அந்தத் தாளிலேயே முக்கியமாக இல்லாதபோது அதைக் கவனிக்க ஏற்பாடு எங்கிருந்து வரும்?

அறிவியல் பரிசீலனை, பாதுகாப்புப் பரிசீலனை என்று சொல்வதெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் சடங்கு என்று நம்மில் சில பேர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிள்ளை மேல் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்பதுதான் அது. இந்த ஆய்வில் விடை கிடைக்குமா? கிடைக்காது என்றால் ஒரு ஊசிக் குத்துகூட அநியாயம். வலி பிள்ளைக்கு, லாபம் யாருக்கும் இல்லை. இதைப் பெரியவர்களிடம் முதலில் பார்த்தாயிற்றா? பிள்ளையிடம் பார்த்தே ஆக வேண்டுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளிடம் ஏன் வந்தாய்? அந்த வயதில், அந்த ஊரில், சாதாரணமாக வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் சாகிறார்கள் என்று முன்கூட்டி எண்ணி வைத்தாயா? எண்ணவில்லை என்றால் நாளைக்கு ஏழு பேர் செத்தால் அது கூடுதலா குறைவா என்று எப்படிச் சொல்வாய்? நடுராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்தால் யார் கதவைத் தட்டுவது? நிறுத்து என்று சொல்லும் அதிகாரம், உன் சம்பளம் வாங்காத யாரிடம் இருக்கிறது?

அந்த ஏழு சாவுகளுக்கு வருகிறேன். அரசு நியமித்த விசாரணைக் குழு 2011இல் சொன்னது: இந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நிலைக்குழு அதை அப்படியே விழுங்கவில்லை, சரியாக விசாரிக்கவில்லை என்று கடிந்துகொண்டது. ஊசிதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த காரணங்களைப் படியுங்கள். தண்ணீரில் மூழ்கியது. பாம்பு கடித்தது. பூச்சிமருந்து குடித்தது. காய்ச்சல், மலேரியா. இந்தப் பட்டியலை நீட்டி "பாருங்க, சம்பந்தமே இல்ல" என்று பெருமூச்சு விட்டார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள் எதனாலெல்லாம் சாகிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கிறது, அதைப் பார்த்து ஒருத்தனுக்கு நிம்மதி வருகிறது! முப்பது வருஷம் கழித்து வரப்போகும் புற்றுநோயிலிருந்து அவளைக் காப்பாற்றக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு, இந்த வருஷத்து மலேரியாவும் பாம்பும் கண்ணில் படவில்லை. பூச்சிமருந்து குடிக்கிற அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது 'ஆய்வின் எல்லைக்குள் வராது.'

குழு வைத்தால் போதும் என்பவர்களுக்கு நைஜீரியாவின் கானோ நகரத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1996இல் அங்கே மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தது. அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் ஃபைசர் கம்பெனி வந்து இறங்கி 200 பிள்ளைகளைச் சேர்த்தது. பாதிப் பேருக்கு டிரோவான் என்ற தன் புது மருந்து, மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து. 11 பிள்ளைகள் செத்தார்கள், இரண்டு பக்கத்திலும். மருந்தா நோயா என்ற வழக்காடல் பல வருஷம் ஓடியது. 2009இல் ஏழரைக் கோடி டாலர் கொடுத்து கானோ அரசோடு சமரசம் பேசி முடித்தது கம்பெனி. என் கவனத்தை இழுப்பது ஒரு சின்னக் காகிதம். ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு இந்தச் சோதனைக்கு அனுமதி தந்ததாக ஒரு கடிதத்தைக் காட்டியிருந்தார்கள். பின்னால் பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோது தெரிந்தது, அந்தத் தேதியில் அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு குழுவே கிடையாது. கடிதம் அப்புறம் எழுதி முன்தேதி போட்டது. அங்கே இல்லாத குழுவின் கடிதம். இங்கே இல்லாத அப்பாவின் கையெழுத்து.

நம் நாட்டில் இப்போது விதி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. கம்மத்துக்கும் இந்தூருக்கும் பிறகு உச்சநீதிமன்றத்தில் குட்டு வாங்கித்தான் 2013இல் நஷ்டஈட்டு விதி வந்தது. 2019இல் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள் வந்தன. பெரிய பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தகவல் தர வேண்டும். 2017இல் ஐ.சி.எம்.ஆர். பிள்ளைகளுக்கென்று தனியாக நெறிமுறை போட்டது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் வாய் வார்த்தைச் சம்மதமும், பன்னிரண்டுக்கு மேல் எழுத்துச் சம்மதமும் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் சோதனை என்ற பெயர் விழுந்தால்தான் கட்டுப்பாடு முழுசாக வந்து உட்காரும். பெயரை மாற்றி வைத்துத் தப்பிப்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வழக்கு? நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றம் எடுத்துப் படிக்கலாமா கூடாதா என்ற ஒரு கேள்விக்கு ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, படிக்கலாம் என்று சொல்வதற்கே 2018 மே ஆகிவிட்டது.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், சாதாரண ஜனங்களில் ஒருவர் வேண்டும். சமூகவியலாளர், தொண்டு நிறுவனத்தார், தத்துவவாதி, இறையியலாளர் இவர்களில் ஒருவர் வரலாம். இறையியலாளருக்குக்கூட இடம் இருக்கிறதய்யா! விடுதிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தால், அந்த விடுதியில் பிள்ளை விட்டிருக்கிற ஒரு தாய் குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. நாம் கேட்க வேண்டியது அந்த வரியை. விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியர் எவருக்கும் எந்த மருத்துவ ஆய்விலும் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் உரிமை கிடையாது என்ற அரசாணையை. குழுவின் முடிவை, காரணத்தோடு, அந்த ஊர் மொழியில் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதை.

நம் மாணவர்களுக்கு ஒன்று. "அறிவியலே பார்ப்பான் சமாச்சாரம், ஊசியே சதி" என்று பேசிக் கைதட்டு வாங்குவது சுலபம். அப்படிப் பேசிவிட்டுப் போனால் பரிசீலனைக் குழுவின் நாற்காலியில் மறுபடி அவனே உட்காருவான். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிற நம் பிள்ளைகள் ஆய்வுத் திட்டத்தைப் பிரித்துப் படிக்கக் கற்க வேண்டும், எண்ணை எண்ணால் மடக்க வேண்டும்.

2009இல் பத்து முதல் பதினான்கு வயதில் இருந்த கம்மத்துப் பிள்ளைகளும் வதோதராப் பிள்ளைகளும் இன்றைக்கு முப்பதை ஒட்டிய பெண்கள். அரசின் திட்டப்படி கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்பிக்கிற வயது முப்பது. படிவத்தில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கைநாட்டும் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். அந்தப் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும். எத்தனை ஊசி போட்டார்கள், அது என்ன ஊசி, போடாமல் விட்டது எத்தனை, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து பேசட்டும், செலவில்லாமல் பரிசோதிக்கட்டும். பத்ராசலத்துக்குப் போகும்போது கோயா மொழி தெரிந்த ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.